கவிழ்த்து வைத்த கைப்பேசி



பெருங்குடியில் நாம் குடியிருக்கும் அடுக்ககத்தில், ஒரு வெள்ளி இரவு இஷாத் தொழுகைக்குப்பின் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். நாமும் நம் துணைவியாரும் 'சதி லீலாவதி' பார்த்தோம். பாலுமகேந்திரா இயக்கி, கமல்ஹாசன் தயாரித்து நடித்து, 1995இல் வெளிவந்த நகைச்சுவைப் படம். மனைவி பருமனானவள் என்று முகம் சுளிக்கும் கணவன் வேறொரு பெண்ணை நாடுகிறான்; பொய்மேல் பொய் அடுக்குகிறான். கமலும் கோவை சரளாவும் கொங்குத் தமிழில் பேசும் காட்சிகளில் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

படம் முடிந்ததும் அவர் கேட்டார்: "பாக்யராஜின் 'சின்ன வீடு' படத்திலும் இதே கல்பனாதானே மனைவி?"

ஆம். அது 1985. பத்தாண்டு இடைவெளியில் நடிகையும் ஒருவரே. மனைவிமீது கணவன் கண்ட குறையும் ஒன்றே.

"நானும் சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் இரண்டு பிரசவத்துக்குப் பிறகு கண்ணாடி முன் நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லைங்க" என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. மேசைமேல் நம் கைப்பேசி கவிழ்ந்து கிடந்தது. அலுவலகத்தில் உடன் பணிபுரியும் பெண் ஒருவருடன் வேலை நிமித்தம் தொடங்கிய உரையாடல், சில வாரங்களாக இரவு பத்து மணியைத் தாண்டியும் நீண்டுகொண்டிருந்தது. தவறான சொல் ஒன்றும் அதில் இல்லை என்று நமக்கு நாமே சமாதானம் கூறிவந்தோம். அப்படியானால் அதை ஏன் கவிழ்த்து வைத்தோம்?

இறைமறை (17:32) விபச்சாரத்தைத் தடுப்பதோடு நிற்கவில்லை. அதை நெருங்குவதையே தடுக்கிறது. பார்வையைத் தாழ்த்தும் கட்டளையும் (24:30) முதலில் ஆண்களை நோக்கியே வருகிறது. நெருங்குதல் என்பது விடுதி அறையில் தொடங்குவதில்லை; மனைவியிடம் சொல்லாத ஒரு சிரிப்பில் தொடங்குகிறது. திரையில் கணவன் திருந்தக் கடைசிச் சில நிமிடங்கள் போதும். வீட்டில் அத்தனை எளிதில் முடிவதில்லை.

கைப்பேசியை நிமிர்த்தி அவர் கையில் கொடுத்தோம். படித்தார். அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. சுபுஹுத் தொழுகைக்குப்பின் தேநீரை வைத்துவிட்டு, "இனி அவங்களிடம் வேலையை மட்டும் பேசுங்கள்; பகலில் மட்டும் பேசுங்கள்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது.

கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது குர்ஆன் (2:187). அந்த ஆடையை நாமே கிழித்துவிடாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.