அடுப்பு மூட்டியவர்கள்



நம் மாதர் சொந்தத் தொழிலில் இறங்கினால் அதனைத் துணிவு என்று மேடைகளில் புகழ்கின்றனர். துணிவுதான், ஐயமில்லை. ஆனால் வேறு வழி இருந்திருப்பின் அவர்களுள் எத்தனை பேர் இறங்கியிருப்பர் என்று எவரும் கேட்பதில்லை.

பாலக்காட்டுக்கு அண்மையில் எலப்புள்ளியை அடுத்துள்ளது இராமசேரி. தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் அங்கு நெசவு செய்து வாழ்ந்தன. தறி சோறு போடாத காலம் வந்தது. பெண்கள் இட்டலி அவித்துக் கூடையிலேற்றி ஊர் ஊராக விற்கத் தொடங்கினர். மண்பானையின் வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, மாவு ஊற்றி, பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புளிய விறகில் அவிப்பது அவர்கள் முறை. தோசைபோல் தட்டையாகவும் பஞ்சுபோல் மென்மையாகவும் இருக்கும், மறுநாளும் கெடாது. வழிப்பயணத்துக்கு இதனினும் நல்ல உணவை நான் கண்டதில்லை! ஊரின் பெயர் இன்று எங்கும் பரவியிருக்கிறது. அடுப்பு மூட்டும் வீடுகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை.

தெற்கே இடுக்கி மலையில் நிலைமை வேறு. கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்ணுக்கு வேலை உண்டு. ஆனால் லயத்து வீடு அவ்வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாங்களே சாலையில் அமர்ந்தபோது அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். 500 கேட்டனர், பின்னர் 301 ஆயிற்று. அதைக்கொண்டு வீட்டு மனை வாங்குவது எங்ஙனம்? கூடையை இறக்கி வைத்தபின் தையல் இயந்திரத்தின்முன் அமர்பவளை ஆசை பிடித்தவள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

என் தமக்கையார் சித்தூர் வட்டத்தில் வசிக்கிறார். கணவரை இழந்தபின் வேலை தேடினார். படித்தது தமிழில், கடைக் கணக்கெழுதவும் மலையாளம் கேட்டார்கள். ஆகவே முறுக்கும் வடகமும். அண்டை வீட்டு மலையாளப் பெண்கள் அவரைத் தங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் சேர்த்துக் கொண்டனர். 1998இல் தோன்றிய அவ்வியக்கத்தை இதற்காகவே நான் வாழ்த்துவேன்.

இடர் வந்தது பதிவுச் சீட்டில். அலுவலகங்களுக்கு அலைய ஆண்பிள்ளைதான் வேண்டும், ஆதலால் தம் பெயரிலேயே இருக்கட்டும் என்றார் தமக்கையின் கொழுந்தனார். கெட்ட எண்ணமன்று, ஆயினும் முதலும் உழைப்பும் ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது!

தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஓர் அலுவலக ஜன்னலில் இதனைச் சொன்னபோது குமாஸ்தா சிரித்தார். நானும் இரயில்வேயில் குமாஸ்தாதான். அச்சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியும்.

"தம்பி, மலையாளத்தில் நீ நிரப்பு. பெயர் என்னுடையதாக இருக்கட்டும், கையெழுத்தை நான் தமிழில் இடுகிறேன்" என்றார் தமக்கையார். அப்படியே செய்தோம். கொழுந்தனார் ஒரு மாதம் பேசவில்லை. இப்போது வடகம் காய வைக்கத் தம் வீட்டு மாடியைத் தந்திருக்கிறார்.