இடுப்பு வலிக்கு யாரிடம் போகிறோம்?

நம்ம ஊர் தறி ஊர். பாவு சுற்றிய பீமைத் தூக்கி மாட்ட வேண்டும், அறுந்த இழையைக் குனிந்து பிடித்து முடிச்சுப் போட வேண்டும், ஷிப்ட் முடியும்வரை சிமெண்ட் தரையில் நிற்க வேண்டும். அதனால் பள்ளிபாளையத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர் ஒருவராவது இருப்பார். உலகம் முழுவதும் 2020-ல் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வலி ஒன்றுதான். ஆனால் வைத்தியத்துக்குப் போகும் இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஏன் என்று சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். வலியின் கடுமையை விட வேறு விஷயங்கள்தான் அதை முடிவு செய்கின்றன.

முதலாவது, கூலி. தறிக்காரருக்கு நெய்த அளவுக்குத்தான் காசு. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். மருந்துக் கடையில், "இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க, ரெண்டு மாத்திரை குடுங்க" என்றால் ஐந்து நிமிடம். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும் என்று சொன்னால், "தறி நின்னா சோறு யாருங்க போடுவாங்க?" என்று கேட்கிறார்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வரும் எனக்கு அதற்குப் பதில் இல்லை.

இரண்டாவது, ஈ.எஸ்.ஐ. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைத் தொழிலாளி என்றால் அதில் சேரலாம். வைத்தியம் இலவசம், டாக்டர் சான்று கொடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு. வீட்டோடு நாலு தறி போட்டிருக்கும் பட்டறையில் ஓட்டுகிறவருக்கு இது கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தாலும், அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்குத்தான் உதவும்.

மூன்றாவது, சொல்கிறவர். மச்சானுக்குப் புத்தூர்க் கட்டில் சரியானது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு எண்ணெய் நீவியதில் போனது என்று கேட்டுத்தான் கிளம்புகிறோம். திடீரென்று பிடிக்கும் இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறைந்துவிடும். அந்த நேரத்தில் யார் கை வைத்தாரோ பெயர் அவருக்குப் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. தொட்டுப் பார்த்து, நாலு வார்த்தை பேசி அனுப்புகிறார்கள். அதுவும் வேண்டியிருக்கிறது.

நான்காவது, பெண்கள். தார் சுற்றும் பெண்களில் பலர் யாரிடமும் போவதில்லை. "பிரசவத்துக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதுல வந்தது, இனிப் போகாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். அந்த ஊசியால் வருடக்கணக்கில் இடுப்பு வலி நீடிப்பதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. குழந்தையைத் தூக்குவதும், குனிந்து செய்யும் வேலையும், ஓய்வு இல்லாததும்தான் பெரும்பாலும் காரணம். தீரும் வலியைத் தலைவிதி என்று சுமக்கிறார்கள்.

கையில் கொஞ்சம் பணம் உள்ளவர்கள் நேராகக் காவிரிப் பாலம் தாண்டி ஈரோட்டுக்குப் போய் ஸ்கேன் எடுக்கிறார்கள். 'டிஸ்க் தேய்மானம்' என்று எழுதி வந்ததும் பயந்து படுத்துவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்தார்கள். அதில் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு அந்தத் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பது போலத்தான் அதுவும்.

அப்படியானால் எப்போது அவசரப்பட வேண்டும்? எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவருக்கு இடுப்பிலிருந்து கால்வரை இழுத்தது. பாதம் தூக்க முடியாமல் செருப்பு தானே கழன்று விழுந்தது. தீபாவளி போனஸ் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று ஒரு மாதம் மாத்திரையில் ஓட்டினார். பிறகு ஆபரேஷன் நடந்தது, வலி போனது. பாதம் இன்றும் இழுத்துத்தான் நடக்கிறார்.

ஆகவே இவற்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். கால் பலம் குறைவது, உட்காரும் இடம் மரத்துப் போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது – இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வலி, உடல் இளைப்பு, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வலி, வயதானவர் விழுந்தபின் வலி என்றாலும் தள்ளிப் போடக் கூடாது. முதுகெலும்பில் காசநோயும் வரும்.

மற்ற நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சியும் நடமாட்டமும்தான் முதல் மருந்து. 2023 டிசம்பரில் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டை வழக்கமாகக் கட்ட வேண்டாம் என்கிறது. பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். கட்டணம் இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். என் தெருவிலேயே பலருக்கு இது தெரியவில்லை. நம்மைப் போல் நேரம் உள்ளவர்கள் போய் விசாரித்துச் சொன்னால், தறி ஓட்டுகிறவருக்கு அரை நாள் கூலி மிச்சம்.