அத்தைக்கு ஒரு விளக்கு

சமையலறையில் விளக்கு மாட்டியவர்கள் யாரும் அங்கே நின்று சமைத்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. டியூப் லைட் நம் முதுகுக்குப் பின்னால் எரியும். மேடை முன் நின்றால், நறுக்குகிற காய்மேல் நம் நிழலே விழும். நாமும் பழகிவிட்டோம்.

என் மாமியாரால்தான் பழக முடியவில்லை. வயது 74. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, மற்றது பாக்கி. அரிசி, பருப்பில் கல் பொறுக்குவது எங்கள் வீட்டில் அவர் வேலை. இரண்டு முறை சாதத்தில் கல் கடிபட்டதும், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார், "நீ பேசாம உட்காரேம்மா, பாக்கெட் அரிசியே வாங்கிக்கலாம்" என்றாள். அத்தை பதில் பேசவில்லை. முறத்தைத் துடைத்துப் பரணில் வைக்கச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த இருட்டில் எனக்கே கல் தெரியாதே!

எங்களுடையது வாடகை வீடு. சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். அப்போதுதான் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஞாபகம் வந்தது. கடைகளில் ஜோடனைக்கு ஒட்டுகிறார்களே, ரிப்பன் மாதிரி, அதுதான். கடைக்கு அத்தையையும் கூட்டிப் போனேன். மஞ்சள் ஒளி, வெள்ளை ஒளி இரண்டையும் எரித்துக் காட்டினார்கள். அத்தை சுருக்குப்பையிலிருந்து ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். "மஞ்சள்லே பருப்பும் கல்லும் ஒண்ணாத் தெரியுது. வெள்ளையே குடுங்க" என்றார். பருப்பை எப்போது எடுத்துக்கொண்டார், எனக்குத் தெரியாது!

வாங்கியது 5 மீட்டர் சுருள், 12 வோல்ட். மீட்டருக்கு 60 புள்ளி விளக்குகள், சுமார் 5 வாட். மூன்று புள்ளிக்கு ஒருமுறை செம்புப் பொட்டுகளுக்கு நடுவே கோடு இருக்கும். அங்கேதான் வெட்ட வேண்டும். 2 மீட்டருக்கு 10 வாட் ஆகிறது. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தாராளம். "கரண்ட் விஷயம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடேன்" என்றார் இவர். அடாப்டர் வரைதான் 230 வோல்ட், அதற்கப்புறம் வெறும் 12 என்று விளக்கினேன். அடாப்டரை மட்டும் பிரிக்கக் கூடாது. சிங்க் பக்கம் வைக்கவும் கூடாது.

அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் 'எல்' வடிவத் துண்டு ஒன்று கேட்டு வாங்கினேன். அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்ளும். பசை சீக்கிரம் விடாது. முன்விளிம்பு மறைப்பதால் புள்ளிகள் கண்ணைக் குத்துவதில்லை. புரை உள்ள கண்ணுக்குக் கூச்சம் பெரிய தொல்லை, பாருங்கள். துண்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து ஸ்ட்ரிப்பை ஒட்டினேன். வெட்டிய முனையின் செம்பு அலுமினியத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். அதில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். சுருள் முனையிலேயே ஒயர் இருக்கிறது. திருகு வைத்த சிறு பின்னில் பிளஸ், மைனஸ் பார்த்து முடுக்கினால் போதும். மேடைக்கு மேலுள்ள மரத்தட்டின் அடியில், அடுப்புக்கு நேராக வராமல், கெட்டியான இருபக்க டேப்பால் ஒட்டியாயிற்று.

அணைந்திருக்கும்போது புள்ளியெல்லாம் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டான் என் பையன். உள்ளே எரிவது நீலம். மேலே பூசிய மஞ்சள் பொடியால் வெள்ளையாகிறது. அந்த நீல விளக்குக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தினம் 3 மணி நேரம் எரித்தால் மாதம் ஒரு யூனிட் அளவுதான். முறம் பரணிலிருந்து இறங்கிவிட்டது. சுருளில் இன்னும் 3 மீட்டர் மீதி. அத்தை இரவில் எழுந்து போகும் வழிக்குப் போடலாமென்று இருக்கிறேன். அவரோ, "எனக்கென்ன, பிள்ளை படிக்கிற மேஜைக்கு முதல்ல போடு" என்கிறார்.