பேத்தியின் பாடத்தில் குர்துபா

முப்பத்திரண்டு ஆண்டுகள் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் பள்ளியொன்றில் வரலாறு போதித்து ஓய்வு பெற்றவள் நான். எந்த ஊருக்குச் சென்றாலும் அங்குள்ள பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்க இயலுவதில்லை. அமெரிக்காவில், கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரை அடுத்த ஒரு புறநகரில் மகள் வீட்டில் ஆறு மாதங்கள் தங்கியிருந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது.

நான்காம் வகுப்பிலிருந்த என் பேத்தி படித்தது ஒரு சார்ட்டர் பள்ளி. சாசனப் பள்ளி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அரசுப் பணத்தில் நடப்பது, கட்டணம் கிடையாது. ஆயினும் மற்ற அரசுப் பள்ளிகளைப் போல அன்றாடக் கட்டளைக்குள் அடங்கியதன்று. இன்ன பாடங்களை இன்னவாறு கற்பிப்போம், இன்ன தேர்ச்சியைக் காட்டுவோம் என்று எழுதிக் கொடுத்து அனுமதி பெறுகின்றனர். வாக்குத் தவறினால் பள்ளி மூடப்படவும் கூடும். இதற்கான முதல் சட்டம் மினசோட்டா மாநிலத்தில் 1991இல் பிறந்தது. கொலராடோவில் 1993இல் வந்தது.

இடத்தினும் விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையில் சேர்க்கிறார்கள். 'லாட்டரி' என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளித்தேன். "உம்மா, இதில் பணமுமில்லை, பந்தயமுமில்லை. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கென்று எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்தார்களே, அதைப் போன்றதுதான்" என்றாள் மகள். நான் ஓத வைத்த பிள்ளை எனக்கே பாடம் சொன்னாள்!

என் மெய்யான கவலை வேறு. சற்றுத் தொலைவில் இஸ்லாமியப் பள்ளி ஒன்று இருந்தது. இரு பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் செலுத்த மருமகனின் ஊதியம் இடந்தரவில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் சாசனப் பள்ளியிலோ மார்க்கம் போதிக்க முடியாது. ஓக்லஹோமா மாநிலத்தில் கத்தோலிக்கர் அத்தகைய பள்ளியைத் தொடங்க முனைந்தபோது, மாநில உச்சநீதிமன்றம் 2024இல் அதைத் தடுத்தது. 2025 மே மாதம் நாட்டின் உச்சநீதிமன்ற நீதிபதிகள் நால்வருக்கு நால்வர் எனப் பிரிந்து நின்றதால் அத்தடையே நிலைத்தது. "தீன் இல்லாத பள்ளியில் சேர்த்துவிட்டாயே" என்று தொலைபேசியில் நான் கூறிய சொல் மகளைப் புண்படுத்தியிருந்தது.

பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். 'கோர் நாலட்ஜ்' என்று பெயர். வர்ஜீனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈ. டி. ஹிர்ஷ் வகுத்த வழி. ரிச்மண்ட் நகரக் கல்லூரி மாணவர்களிடம் அவர் ஒரு சோதனை செய்தார். நட்பைப் பற்றிய பத்தியை எளிதாகப் புரிந்துகொண்டவர்கள், தம் நாட்டு உள்நாட்டுப் போரின் தளபதிகளான கிராண்ட், லீ ஆகியோரைப் பற்றிய பத்தியில் திணறினார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தும், செய்தி தெரியாததால் வாசிப்பு நின்றுவிட்டது. ஆகவே எந்த வகுப்பில் எந்தச் செய்தி என்று ஆண்டு வரிசையாக வகுத்துவிட்டார்கள். முதல் வகுப்பிலேயே மெசப்பொட்டேமியா, எகிப்து; இரண்டில் பண்டைய இந்தியா, சீனா, கிரேக்கம்; மூன்றில் ரோம். டென்வர் வட்டாரத்தின் இத்தகைய ஒன்பது சாசனப் பள்ளிகளில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. கிடைத்தவர்கள் வாசிப்பில் தெளிவாக முன்னேறியிருந்தனர்.

நான்காம் வகுப்பில்தான் இஸ்லாம் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஐந்து கடமைகள், இப்னு சீனா, குர்துபா நகரம், சிலுவைப் போர்கள் எனத் தொடர்கிறது. அதே ஆண்டில் ஓவிய வகுப்பில் குப்பத்துஸ் ஸக்ரா, அல்ஹம்ரா, தாஜ்மகால். ஒரு வகுப்பில் கேட்டது மறுவகுப்பில் கண்ணுக்குத் தெரிகிறது. அதுதான் எனக்குப் பிடித்தது.

ஒரு மாலை பேத்தி கேட்டாள்: "உம்மம்மா, குர்துபாவைப் பற்றி உங்கள் மாணவியருக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?" நான் விழித்தேன். சுல்தான்கள் பட்டமேறிய ஆண்டுகளை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். பானிபட்டை மும்முறை நடத்தியிருக்கிறேன். குர்துபாவுக்கு ஒரு வரி தந்ததாகவும் நினைவில்லை. பாடநூலில் இல்லை என்று சமாளித்தேன். அது உண்மைதான், ஆனால் சமாளிப்பும்தான்.

ஆப்பிரிக்க அரசுகளின் பாடத்தில் இப்னு பதூதா வந்ததும் என் மானம் சற்றே மீண்டது. "மாலி நாட்டுக்குப் போகுமுன் அவர் நம் மதுரைக்கும் வந்தவர்" என்றேன். மறுநாள் வகுப்பில் அதை எழுந்து சொன்னாளாம்.

சிலுவைப் போர்ப் பாடம் அவ்வளவு இனிதாக இல்லை. ஒரு சிறுவன் "இவர்கள் உன் ஆட்களா?" என்று கேட்க, ஆசிரியை கேளாதவர்போல் கடந்துவிட்டார். பிள்ளை இரவு உணவு உண்ணவில்லை. மருமகன் பள்ளியை மாற்றலாம் என்றார். மகள் நேரே சென்று ஆசிரியையிடம் அமர்ந்து பேசினாள். 1187இல் ஸலாஹுத்தீன் ஜெருசலத்தை மீட்டபோது, மக்களைக் கொன்று குவிக்காமல் மீட்புப் பணம் பெற்று வெளியேற விட்டதைப் பற்றி மறுவாரம் ஒரு முழு வகுப்பு நடந்தது. ஆசிரியை வருந்தினாரா, மேலிடத்துக்கு அஞ்சினாரா என்பதை நான் ஆராயவில்லை.

அதற்குப் பின் பேத்தி கேட்டதுதான் என்னை உறங்க விடவில்லை. "பள்ளியில் 'முஸ்லிம்கள் நம்புகிறார்கள்' என்கிறார்கள். வீட்டில் 'நாம் நம்புகிறோம்' என்கிறீர்கள். நான் தேர்வில் எதை எழுத வேண்டும்?"

தேர்வில் 'முஸ்லிம்கள்' என்று எழுதச் சொன்னேன். பிறகு மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தொலைபேசியில் சொன்ன சொல்லுக்கு அன்றுதான் வருத்தம் தெரிவித்தேன். 'நாம்' என்ற சொல்லை அந்தப் பள்ளியிடம் எதிர்பார்த்தது என் தவறு. எதிர்பார்த்துவிட்டு நான் கைகட்டி இருந்தது அதைவிடத் தவறு. வார இறுதி மதரஸாவில் இரண்டு மணி நேரம் ஓதுவதோடு விட்டிருந்தோம். மறுநாள் முதல் மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம் அவளும் நானும் அமர்ந்தோம். அவள் வகுப்பில் படித்ததை எனக்குச் சொல்வாள். அதே செய்தியை நம் வீட்டுச் சொற்களில் நான் அவளுக்குச் சொல்வேன். தெரியாததை இருவரும் தேடினோம். பெரும்பாலும் தெரியாதவள் நான்தான்.

ஊர் திரும்பும்போது அல்ஹம்ரா வரைந்த தாளொன்றை என் பெட்டியில் வைத்தாள். கீழே தமிழில் 'குருதுபா' என்று எழுதியிருந்தாள். ஊரும் தவறு, எழுத்தும் தவறு. முப்பத்திரண்டு ஆண்டுகள் சிவப்பு மை பிடித்த கை; திருத்தாமல் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மஃரிபுக்குப் பின் இப்போது தொலைபேசி வருகிறது. அங்கே அது காலை நேரம், பள்ளிக்குப் புறப்படும் அவசரம்.