ஃபேன் பெல்ட்

லாரி கொதித்தால் எல்லோரும் முதலில் ரேடியேட்டரைத்தான் திட்டுவார்கள். அடுத்த திட்டு வாட்டர் பம்புக்கு. இரண்டையும் மாற்றிச் செலவு செய்த பிறகும் கொதித்தால், "இன்ஜினே போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும் ரப்பர் வளையத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. முப்பத்தாறு வருடம் பட்டறையில் நின்ற எனக்கு இது புதிதல்ல. ஆனாலும் போன தை மாதம் சங்ககிரியில் பார்த்த வேலையை எழுதி வைக்கத் தோன்றியது.

வண்டி 1966 மாடல் டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ். நம் பக்கத்தில் "பென்ஸ் லாரி" என்றால்தான் தெரியும். 1954-ல் டாட்டாவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் இந்த லாரிகளைச் செய்யத் தொடங்கினார்கள். 1969-ல் அந்தக் கூட்டு முடிந்ததும் மூக்கில் இருந்த நட்சத்திரம் போய் "டி" எழுத்து வந்தது. இந்த வண்டியில் நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. வண்டிக்காரர் என் நண்பர். காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அவர் மகன் இப்போது ஆறு புது வண்டி ஓட்டுகிறான். பழசு களத்து மேட்டில் வேப்ப மரத்தடியில் நின்றது.

"மாமா, எடைக்குக் கேக்கறாங்க. ரேடியேட்டர் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு. சமதரையில நல்லா போகுது. தொப்பூர் ஏத்தத்துல பாதியில கொதிக்குது. இதுக்கு மேல காசு போட முடியாதுங்க" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் கிளம்பும்போது அவன் அம்மா வாசல் வரைக்கும் வந்து, "ஓடுனா ஓடட்டுங்ணா. ஓடலீன்னா நான் பாக்கற மாதிரி இங்க வச்சு உடைக்க வேண்டாம்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லுங்க" என்றார். அதன் பிறகு "எனக்கு வயசாச்சு, வேற ஆளைப் பாரு" என்று சொல்ல வாய் வரவில்லை.

சமதரையில் கொதிக்காமல் ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. சமதரையில் வண்டி ஓடுகிற வேகத்துக்கே ரேடியேட்டருக்குள் காற்று புகும். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் வண்டி ஊர்கிறது, இன்ஜினோ முழு மூச்சில் உழைக்கிறது. அப்போது காற்று முழுவதும் ஃபேனிலிருந்துதான் வர வேண்டும். ஃபேனுக்கு ஒரு குணம் உண்டு. அதன் வேகம் இரண்டு மடங்கானால், அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். ஐடிலில் நழுவாத பெல்ட் ஏற்றத்தில் நழுவுவதற்கு இதுதான் காரணம்.

இந்த வண்டியில் கிராங்க் புல்லி 6 இஞ்ச், பம்ப் புல்லி 5 இஞ்ச். இன்ஜின் 2000 சுற்றினால் ஃபேன் 2400 சுற்ற வேண்டும். பெல்ட் கால் பங்கு நழுவினால் 1800-தான். பம்பும் அதே தண்டில் இருப்பதால் தண்ணீர் ஓட்டமும் அதே அளவு குறையும். புது ரேடியேட்டர் போட்டு என்ன பயன்?

பெல்ட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. வி பெல்ட் என்பது பக்கச் சுவர்களால் பிடிக்க வேண்டிய பொருள். மரத்தில் அடித்த ஆப்பு மாதிரி பள்ளத்துக்குள் இறுகி நிற்கும். அடிப்பக்கம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தொட்டால் ஆப்பு வேலை செய்யாது, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கிராங்க் புல்லியில் பள்ளத்தின் சுவர்கள் தேய்ந்து கிண்ணம் மாதிரி குழிந்திருந்தன. பெல்ட் ஆழமாக இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்தது, நேர்கோடு. எப்போதோ ஒரு பட்டறையில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறார்கள். நேரான இரும்புப் பட்டை ஒன்றை கிராங்க் புல்லி, பம்ப் புல்லி முகங்களில் வைத்தேன். நான்கு இடத்திலும் ஒட்டியது. ஆல்டர்னேட்டர் புல்லிக்கு வந்தால் இரண்டு நூல் இடைவெளி. பெல்ட் அந்த இடத்தில் கோணலாக நுழைந்து, ஒரு பக்கம் மட்டும் அரைபட்டு, நார் தெரிந்தது. பிராக்கெட்டுக்குப் பின்னால் வாஷர் வைத்து ஆல்டர்னேட்டரை முன்னால் கொண்டு வந்தேன். கிராங்குக்கு நல்ல புல்லி சேலத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது.

பிறகு ஃபேன். பம்ப் மாற்றியவர்கள் அதைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். திருப்பி மாட்டினால் காற்று எதிர்ப்பக்கம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் மரை மாறாது அல்லவா, அதே கதைதான். காற்று வரும் திசை அதேதான், அளவு மட்டும் குறைந்துவிடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இலையின் குழிந்த பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். கழற்றித் துடைத்தபோது ஓர் இலையின் ரிவெட் அருகே தலைமயிர் அளவு வெடிப்பு. பையன், "வெல்டு வச்சுக்கலாமா மாமா?" என்றான். வேண்டவே வேண்டாம் என்று சொல்லி வேறு ஃபேன் வாங்கச் செய்தேன். சுற்றும்போது பிய்ந்த இலை ரேடியேட்டரோடு நிற்காது, பானெட்டைத் திறந்து நிற்கிற ஆளையும் பார்க்கும்.

ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூடும் காணாமல் போயிருந்தது. கூடு இல்லாவிட்டால் இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றே இலை நுனியைச் சுற்றி முன்னால் வந்து மறுபடி உள்ளே போகும். உள்ளூர் தகர வேலைக்காரர் அரை நாளில் செய்து கொடுத்தார். இலையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள், பாதி வெளியே இருக்கும்படி பொருத்தினோம்.

புது பெல்ட்டை ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பி மாட்டக் கூடாது, உள்ளே இருக்கும் கயிறு அறும். ஆல்டர்னேட்டரை முழுக்கத் தளர்த்தி, கையாலேயே மாட்டினேன். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை இஞ்ச் போல இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் நழுவும். இறங்கவே இல்லையென்றால் பம்ப் பேரிங் சீக்கிரம் போகும். "இன்னும் கொஞ்சம் டைட் வைங்க மாமா" என்று பையன் அவசரப்பட்டான். "நழுவுதுன்னு இறுக்கித்தானடா போன பம்பைத் தின்னீங்க" என்றேன். இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி ஒரு முறை இழுத்து வைத்தோம். புது பெல்ட் உட்கார்ந்த பிறகு தளரும்.

பிறகு ஐடிலில் ரேடியேட்டர் முன்னால் தினத்தாள் ஒன்றை நீட்டினேன். பட்டென்று ஒட்டிக்கொண்டு நின்றது. பையன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு.

மறுநாள் மூன்று டன் செங்கல் ஏற்றித் தொப்பூர் போனோம். ஏற்றம் தொடங்கியதும் இருவரும் பேசவில்லை. வெப்ப முள் 80-ஐத் தாண்டிக் கொஞ்சம் ஏறியது, அங்கேயே நின்றது. மேலே போய் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தோம். ஆவி இல்லை, ரப்பர் கருகிய வாடை இல்லை.

எடைக்குக் கேட்டவரிடம் இந்த வருடம் ஆயுத பூஜை கழியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு என்ன செய்வான் என்று நான் கேட்கவில்லை. அது அவன் கணக்கு. இப்போதைக்கு வாரம் ஒரு நடை செங்கல் சூளைக்குப் போய் வருகிறது. அவன் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் நட்சத்திரத்துக்குப் பொட்டு வைக்கிறாராம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் ஓடும்போது தோளில் துண்டோடு குனியாதீர்கள். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவருக்கு வலது கையில் மூன்று விரல்தான். தோள் துண்டு பெல்ட்டில் சிக்கியது, விடுவிக்கக் கையை நீட்டினார், அவ்வளவுதான். அந்த மூன்று விரலால்தான் எனக்கு அரை இஞ்சை அழுத்திக் காட்டினார்.