எமது பத்துப்பாட்டு

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் யாம் பத்துப்பாட்டு என்றவுடன், அன்பர்கள் திருமுருகாற்றுப்படை முதலாய சங்க நூல்களையே நினைப்பர். ஈண்டு யாம் கூறப் புகுவது அதுவன்று. கிதார் மீட்டிப் பலர் முன் பாடுதற்கென யாம் சேர்த்த பத்துப் பாடல்களின் வரலாறே.

கிதார் பயிலத் தொடங்கி ஈராண்டு கழிந்தபோது, நாற்பது பாடல்கள் அறிவோம் என்று செருக்கியிருந்தோம். எம்மூராகிய திருநின்றவூரில், கிறிஸ்து பிறப்பு நாளையொட்டி இரவில் வீடுதோறும் பாடிச் செல்லும் குழுவிற் சேர்ந்தோம். ஒரு வீட்டில் நோயுற்றுக் கட்டிலிற் கிடந்த மூதாட்டியார், "தம்பி, சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்று பாடப்பா" என்றார். அவர் கேட்டது, 1774 முதல் 1864 வரை வாழ்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடலொன்று. கைபேசியை எடுத்தோம், அதுவோ மின்வலி தீர்ந்து கிடந்தது. பல்லவிக்கு மேல் ஓரடியும் நினைவில் எழவில்லை. அவ்வம்மையாரே நடுங்கும் குரலில் மூன்று சரணங்களையும் பாடி முடித்தார். அவர் பாடிய சுருதியைக்கூட எம் விரல்கள் பற்றவில்லை. தலைகுனிந்து வெளிப்போந்தோம்.

எம்மூர் பூசலார் நாயனார் பிறந்த ஊர். கோயிலெடுக்கப் பொருள் கிடையாத அவர், அடிநிலை முதற் சிகரம் ஈறாக அதனை மனத்துள்ளே முறையாக எழுப்பினார் என்பது சேக்கிழார் வாக்கு. காடவர் கோன் கச்சியில் எடுத்த கற்றளியினும் அம்மனக் கோயிலையே இறைவன் முற்பட நாடினான் என்பர். சமயத்தால் யாம் வேறாயினும், அவ்வடியார் எமக்கு ஆசிரியராயினார். எம்முடைய நாற்பதும் கைபேசியில் நின்றனவேயன்றி உள்ளத்தில் நிற்கவில்லை.

நாற்பதையும் தாளில் எழுதி, ஏடு நோக்காது முதல் முதல் ஈறு வரை பாடவல்லன எவை என ஆராய்ந்தோம். நான்கே எஞ்சின! திங்களுக்கொன்றாக ஆறு சேர்த்தோம். ஜி, சி, டி என்னும் மூன்று சுரக்கூட்டுக்களே பல பாடல்களுக்குப் போதும். ஐந்து கட்டைச் சுருதி தாழ்ந்ததாயின், கேப்போ என்னும் பிடிப்பை இரண்டாம் மெட்டில் இட, விரல்நிலை மாறாமலே அஃது ஆறு கட்டைக்கு உயரும். கீர்த்தனைகளோ அத்துணை எளியன அல்ல. அவற்றின் கமகத்தை வீணையில் நரம்பை இழுத்துக் காட்டுவர். சுரக்கூட்டைப் பற்றிய விரல்களுக்கு அஃது அரிது. ஆதலின் அவ்விடங்களிற் குரலை முன்விட்டுக் கிதாரை அடக்கக் கற்றோம்.

சென்ற ஆவணியில் அவ்வம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் மகளார் எம்மை அழைத்துவர ஆளனுப்பினார். அன்றிரவு ஏடின்றிப் பத்தினையும் பாடினோம். அக்கீர்த்தனையின் மூன்றாஞ் சரணத்தில் மகளாரின் குரல் அடைத்து நின்றது. சூழ இருந்தோர் அதனை எடுத்துக்கொண்டனர். அவ்வொலியிற் கிதார் எவர் செவிக்கும் எட்டியிராது. அதுபற்றி யாம் வருந்தவில்லை. சுருதி மாறாமல் மீட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது பதினொன்றாவது பாடலைப் பயின்று வருகிறோம்.