நீர் நின்ற சுவர்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போகிறவர்களுக்கு இரு பக்கமும் வயலும் பனையும்தான் துணை. 2025 யூலையில் நான் அந்த வழியால் போனபோது மழையை நம்பி விதைக்கும் வயல்கள் வெடித்துக் கிடந்தன. சோளகக் காற்று புழுதியை அள்ளி பஸ் யன்னலுக்குள் வீசியது. பக்கத்தில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் பேரனின் முகத்தை மூடிக்கொண்டார்.

என் பையில் ஒரு வினாக்கொத்து இருந்தது. போரையும் நெருக்கடியையும் கண்ட நாடுகளில் காலநிலை மாற்றம் பிள்ளைகளின் படிப்பை எப்படிப் பாதிக்கிறது என்பதை அறியும் வேலை. 2024ஆம் ஆண்டில் மட்டும் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 இலட்சம் மாணவர்களின் படிப்பு வெப்பத்தாலும் புயலாலும் வெள்ளத்தாலும் தடைப்பட்டது என்று யுனிசெப் கணக்கிட்டுள்ளது. அந்தப் பெரிய எண்ணுக்குள் எங்கள் வன்னிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தான் கண்டாவளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன்.

இந்த வீதி எனக்குப் புதியதல்ல. 2008 கார்த்திகையில் 'நிஷா' புயல் அடித்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. ஒரே இரவில் கொட்டிலுக்குள் முழங்காலளவு தண்ணீர். அம்மா அரிசியைத் தூக்கினா, நான் உயர்தரக் குறிப்புக் கொப்பிகளைத் தலையில் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றேன். பிறகு அந்தக் கொப்பிகளும் போய்விட்டன. செட்டிகுளம் முகாமில் இருந்துதான் 2009இல் பரீட்சை எழுதினேன். அதனால் ஒரு கொப்பியின் பெறுமதி எனக்குத் தெரியும்.

பாடசாலையை அடைந்தபோது காலை ஒன்பது மணி. தகரக் கூரையின் கீழ் பிள்ளைகள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பறைச் சுவரில் மேசை உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. "இது பழைய வெள்ளம்" என்றார் ரீச்சர். 2018 டிசம்பரில் பெருமழை பெய்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கனகராயன் ஆற்றுப் பக்கத்துக் கிராமங்கள் பல நீருக்குள் இருந்தன. அதன் பிறகு சுவருக்கு வெள்ளை பூசியும் கோடு மறையவில்லையாம்.

ரீச்சர் வரவு இடாப்பைத் திறந்து காட்டினார். வெள்ளம் வடிந்து பாடசாலை திறந்த பின்னும் பல பெயர்களுக்கு எதிரே நாட்கணக்கில் வெறுமை. கோடையிலும் அப்படியே. கிணறு வற்றினால் பவுசருக்குக் காவல் இருக்கிறது மூத்த பெண்பிள்ளை.

பின்னேரம் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். தாய் மட்டும்தான் இருந்தா. கணவர் 2009இல் காணாமற்போனவர். மகளும் மகனும் இவவின் கையில்தான் வளர்ந்தவர்கள். வேப்பமர நிழலில் பாயைப் போட்டு, தேத்தண்ணி தந்துவிட்டு, என் முதலாவது கேள்வியைக் கேட்டதும் சிரித்தா.

"எத்தினை நாள் பள்ளிக்கூடம் பூட்டினதெண்டு கேக்கிறியள். பள்ளிக்கூடம் கெதியாத் திறந்திட்டுது தங்கச்சி. என்ர வீடுதான் திறக்கேல்லை."

என் பேனை நின்றுவிட்டது. அந்த அக்கா சொன்னது இதுதான். ஒரு ஏக்கர் காலபோகம். விதைத்து முளைத்த பயிரை 2024 கார்த்திகை வெள்ளம் அழுக வைத்தது. இரண்டாம் முறை விதைக்கக் கடன். கடனைக் கட்ட நகரத்தில் கூலி வேலை. தாய் விடியப் போனால் தம்பியைப் பார்ப்பது, தண்ணீர் எடுப்பது, மாட்டை அவிழ்ப்பது எல்லாம் மகளின் தலையில்.

அதே கார்த்திகையில்தான் மகளுக்கு உயர்தரப் பரீட்சை. முன்பு இந்தப் பரீட்சை ஆவணி மாதத்தில், வன்னி காய்ந்திருக்கும் காலத்தில் நடக்கும். 2019 வரை அப்படித்தான். கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் கல்வி ஆண்டைத் தள்ளிவிட்டதில், 2024இல் பரீட்சை நவம்பர் 25இல், மாரிமழையின் நடுவில் வந்து நின்றது. இரண்டு நாள் நடந்ததும் வெள்ளத்தால் நிறுத்தினார்கள். டிசம்பர் 4இல் மீண்டும் தொடங்கியது. இடையில் இருந்த நாட்களில் பிள்ளை உறவினர் வீட்டில். குறிப்புகளோ நீருக்குள். பெறுபேறு வந்தபோது ஒரு பாடம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினாள்.

மாரிமழை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அது இறங்கும்போது கொட்டித் தீர்க்கிறது. ஒரு புயலைக் காட்டி இதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. என்றாலும் வெப்பம் கூடக் கூட இப்படியான பெருமழைகள் பெருகும் என்பதை அறிவியலாளர் உறுதியாகச் சொல்கிறார்கள். போரில் சேமிப்பையும் துணையையும் இழந்த வீட்டுக்கு ஒரு வெள்ளத்தைத் தாங்கவே பலமில்லை. அடுத்தடுத்து வந்தால் முதலில் கழன்று விழுவது பிள்ளையின் படிப்பு.

பொழுதுபட மகள் வேலையால் வந்தாள். மீண்டும் விண்ணப்பிக்க இன்னும் சில நாட்களே இருந்தன. கேட்டேன்.

"எழுதலாம் அக்கா. ஆனா திரும்பவும் கார்த்திகை. வெள்ளம் வந்தா?"

அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. தாய்தான் சொன்னா: "வெள்ளம் வரும். நாங்கள் அதுக்கு முன்னம் போவம்."

கிராமத்து மாதர் சங்கத்தில் அதைப் பேசினார்கள். மாட்டை விற்று ஒரு பகுதிக் கடனை அடைத்து, மகளை வேலையிலிருந்து நிறுத்தினா அந்த அக்கா. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சை அனுமதி அட்டை, குறிப்புகள் எல்லாம் தடித்த பொலித்தீனில் சுற்றி, மூடியுள்ள வாளி ஒன்றுக்குள் போயின. பரீட்சை தொடங்குமுன் பிள்ளையும் வாளியும் நகரத்தில் சித்தி வீட்டுக்குப் போனார்கள்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பரீட்சை மீண்டும் நின்றது. எஞ்சிய பாடங்கள் 2026 தை மாதத்தில் நடந்தன. அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, வயலும் போனது. குறிப்புகள் மட்டும் நனையவில்லை. கடைசிப் பாடமும் எழுதிவிட்டு அவள் தொலைபேசியில் சொன்னது: "எல்லாம் எழுதிட்டன் அக்கா. அம்மா இப்ப மாடில்லாமல் இருக்கிறா."

அந்த இரண்டாவது வசனத்தையும் நான் எழுதி வைத்துக்கொண்டேன். பிள்ளை பரீட்சை எழுதியதற்கு ஒரு தாய் கொடுத்த விலை அது. பரீட்சைக் காலத்தை மழைக்காலத்திலிருந்து விலக்குவதும், வெள்ளத்தின் பின் தாய்க்கு விதைநெல்லும் கடன் தவணையும் கிடைக்கச் செய்வதும் கல்விக்கான உதவிதான். அதை எங்கள் சங்கங்கள் கேட்க வேண்டும்.

சகோதரிகளே, ஐப்பசி பிறக்குமுன் உங்கள் வீட்டிலும் ஒரு வாளியை ஒதுக்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைப் பிள்ளையின் கொப்பியில் எழுதி வையுங்கள். பரீட்சைக்கு இருக்கும் பிள்ளை எந்த வீட்டில் தங்கும் என்பதை மழைக்கு முன்னமே பேசி முடியுங்கள்.

என் வினாக்கொத்தின் முதலாவது கேள்வியை மாற்றிவிட்டேன். "பாடசாலை எத்தனை நாள் மூடியிருந்தது?" என்பதற்கு முன்னால் இப்போது இப்படி இருக்கிறது: "வெள்ளம் வடிந்த பிறகு உங்கள் வீடு எழும்ப எத்தனை மாதம் சென்றது?"